சோடாக் கடைக்கு ஆள் வைக்காத ஆறு மாதம்

காளவாசலில் எங்கள் சோடாக் கடை இன்றும் இருக்கிறது. நான் எழுத வந்தது அதில் ஒரு ஆறு மாதத்தைப் பற்றி. தை முடிந்ததிலிருந்து ஆடி வரை என் வீட்டுக்காரரிடம் நான் பேசியது ஒரே பேச்சுத்தான்: கடைக்கு ஒரு ஆள் வையுங்கள்.

தொடங்கிய காலத்தில் தினம் மூன்று டஜன் பாட்டில் போகும். மேற்கேயிருந்து பருத்தி ஏற்றி வரும் வண்டிக்காரர்கள் மாட்டை அவிழ்த்துவிட்டு ஆளுக்கொரு இஞ்சி சோடா குடிப்பார்கள். என் வீட்டுக்காரர் சோடா மிஷினைச் சுற்றுவார். நான் கொல்லையில் பாட்டில் கழுவுவேன். எட்டாவது முடித்து வீட்டிலிருந்த மகள் கடை முகப்பில் நிற்பாள். மூன்று பேருக்கும் வேலை அளவாக இருந்தது.

பிறகு ஊருக்குள் ஒரு டாக்கீஸ் கொட்டகைக்காரர் எங்களிடம் சோடா எடுக்கத் தொடங்கினார். ஆட்டத்துக்கு நாலு டஜன், தினம் இரண்டு ஆட்டம். அதைக் கைவண்டியில் தள்ளிக்கொண்டு போவதும் என் வீட்டுக்காரர்தான், காலிப் பாட்டிலை எடுத்து வருவதும் இவர்தான். வேறு யார் போனாலும் கொட்டகையில் பாட்டிலை மாற்றிக் கொடுத்துவிடுவார்களாம். ஆக, பாதிப் பகல் இவர் ரோட்டில் இருந்தார். மிஷின் மகள் கைக்கு வந்தது. கடை முகப்பும் அவளிடமே இருந்தது.

சோடா மிஷின் விளையாட்டுச் சாமான் இல்லை. தண்ணீர் ஊற்றிய பாட்டில்களைப் பெட்டிக்குள் மாட்டி, கேஸைத் திறந்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்துச் சுற்ற வேண்டும். கேஸின் வேகத்தில் உள்ளே கிடக்கும் கோலி போய்ப் பாட்டில் கழுத்தை அடைத்துக்கொள்ளும். பாட்டிலில் மயிரிழை விரிசல் இருந்தால் போதும், வெடித்துவிடும். அதனால்தான் கழுவிய ஒவ்வொரு பாட்டிலையும் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன். மிஷினில் நிற்பவர் முகத்துக்குக் கம்பி வலை மாட்டிக்கொள்ள வேண்டும். மாட்டிக்கொண்டால் மூச்சு முட்டும், நாம் பேசுவதும் எதிராளுக்குக் கேட்காது. முகப்பில் யாராவது வந்து சோடா கேட்டால் மகள் வலையைக் கழற்றி வைத்துவிட்டு ஓடுவாள். திரும்பி வந்து மறுபடி மாட்டுவாள். ஒரு நாளைக்கு நாற்பது தடவை.

"புள்ள ரெண்டு எடத்துல நிக்கிறா. ஒரு ஆளப் போடுங்க" என்றேன்.

"வெளியாள் வந்தா எசன்ஸ் கலக்குற பக்குவத்தப் பாத்துட்டுப் போயி எதுத்தாப்புல கடை போட்டுருவான்."

"பக்குவம் என்ன பெரிய பக்குவம்? கடையில வாங்குற எசன்ஸ்ல இஞ்சியத் தட்டிப் போடுறோம். தெருவுக்கே தெரியும்."

"படிச்சவ பேச்சு அப்படித்தான் இருக்கும்" என்றார். நான் மிஷன் பள்ளியில் படித்தது அவருக்கு வேண்டும்போது பெருமை, வேண்டாதபோது திமிர்.

பங்குனியில் ஒரு ஆள் தானாகவே வந்தார். ராமநாதபுரம் சீமையில் மழை பொய்த்துப் பிழைக்க வந்தவர், நாற்பது வயதிருக்கும். திண்டுக்கல்லில் ஆறு வருஷம் சோடா மிஷின் சுற்றியவர். கடைக்குள் வந்ததும் எங்கள் மிஷினை ஒரு பார்வை பார்த்தார். "தாயி, பெட்டிக்கு மேல ஈரச் சாக்கு ஒண்ணு போட்டுச் சுத்தச் சொல்லுங்க. வெடிச்சாலும் செதறாது" என்றார். அந்த ஒரு சொல்லுக்கே அவரை வேலைக்குச் சேர்த்திருக்கலாம்.

என் வீட்டுக்காரர் என்ன செய்தார்? "சாமிகிட்ட உத்தரவு கேக்கணும்ண்ணே, வெள்ளிக்கிழமை வாங்க" என்று அனுப்பினார். குலசாமி கோயிலுக்குப் போய்ப் பூக்கட்டிப் பார்த்தோம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் உத்தரவு. பூசாரி எடுத்தது சிவப்பு. வெள்ளிக்கிழமை வந்த மனிதர் காரணத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "சரிண்ணே, சாமி மனசு மாறுனாச் சொல்லி விடுங்க. வில்லாபுரத்துல தங்கச்சி வீட்லதான் கெடக்கேன்."

சித்திரைத் திருவிழாவில் மூன்று பேரும் ஒடிந்துபோனோம். மகளின் வலது தோள் வீங்கிவிட்டது. வைகாசியில் அந்த மனிதர் மறுபடி வந்து கேட்டார். ஆனி மாதக் கடைசியில்தான் இவரை மறுபடி கோயிலுக்கு இழுக்க முடிந்தது. இந்தத் தடவை பொட்டலத்தை நானே கட்டினேன். இரண்டிலும் வெள்ளைப் பூதான் வைத்தேன். பாவமோ புண்ணியமோ, அன்றைக்கு எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை.

வெள்ளை வந்தது. இவர் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு நிம்மதி. கோயில் வாசலைத் தாண்டுவதற்குள் சொல்கிறார்: "உத்தரவு கெடச்சிருச்சு. ஆனா நாளைக்கழிச்சு ஆடி பொறக்குது. ஆடியில ஆள் சேக்கக் கூடாது. ஆவணி பொறக்கட்டும்."

அங்கேயே உட்கார்ந்து அழுதுவிடலாம் போலிருந்தது. ஆடியில் ஆள் சேர்க்கக் கூடாதாம். ஆனால் ஆர்டர் சேர்க்கலாமாம். அதே வாரம் இரண்டு அம்மன் கோயில் திருவிழாவுக்குச் சோடா தருவதாக ஒப்புக்கொண்டு வந்தார்.

அந்த ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. இவர் கைவண்டியோடு போய்விட்டார். திருவிழாவுக்கு இன்னும் ஆறு டஜன் பாக்கி. கொல்லையில் நான் கழுவிக்கொண்டே இருந்தேன், மகள் "அம்மா, பாட்டிலு" என்று கத்திக்கொண்டே இருந்தாள். கடைசி இரண்டு டஜனை நான் வெயிலில் தூக்கிப் பார்க்கவில்லை. இதை இன்றுவரை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. கழுவினேன், கூடையில் அடுக்கினேன், கொண்டுபோய் வைத்தேன்.

முகப்பில் ஒரு வண்டிக்காரர், "யாத்தா, ரெண்டு கலரு சோடா குடு" என்று கூப்பிட்டார். மகள் வலையைக் கழற்றிவிட்டுப் போய்க் கொடுத்தாள். திரும்பி வந்து ஈரச் சாக்கை விலக்கிப் பெட்டியைத் திறந்தாள். வலை ஆணியில் தொங்கியது. மாட்ட மறந்தாளா, சலிப்பில் விட்டாளா, தெரியாது.

பாட்டில் வெடித்த சத்தம் கேட்டு நான் உள்ளே ஓடியபோது அவள் இரண்டு கையாலும் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றாள். விரலிடுக்கில் ரத்தம் வடிந்தது. "அம்மா, கண்ணத் தொறக்க முடியல" என்று மெதுவாகத்தான் சொன்னாள். கலர் குடித்த வண்டிக்காரரே பருத்தி மூட்டையைக் கீழே தள்ளிவிட்டு எங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார்.

டாக்டர் இமையில் ஐந்து தையல் போட்டார். உள்ளே ஒரு சில்லு கீறியிருக்கிறது, கட்டைப் பிரித்தால்தான் பார்வை தெரியும் என்றார். ஒன்பது நாள் காத்திருந்தோம். அந்த ஒன்பது நாளும் இவர் வார்டுக்குள் வரவில்லை. வாசல் வேப்பமரத்தடியோடு நின்றுகொண்டார். வந்தால் மகள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

ஒரு நாள் வெளியே போனபோது என்னிடம் சொன்னார்: "சாமி ஆனியிலேயே உத்தரவு குடுத்துச்சு. நாந்தான் ஆவணின்னு தள்ளிப்போட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வது? "சாமியா குடுத்துச்சு? ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைப் பூவ நாந்தான் வச்சேன். நான் தையிலேருந்து சொல்றேன். அவ தோள் வீங்குனப்பவே உத்தரவு வந்தாச்சு. அதுக்கு மேல ஒங்களுக்கு என்ன பூ வேணும்?"

அவர் மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார். சண்டை போட்டிருந்தாலாவது எனக்கு ஆறியிருக்கும்.

மறுநாள் வில்லாபுரத்துக்கு ஆள் தேடிப் போனார். ஆடி என்றும் பார்க்கவில்லை, ராகுகாலம் என்றும் பார்க்கவில்லை. அந்த மனிதர் வேறொரு சோடாக் கம்பெனியில் சேர்ந்து பத்து நாள் ஆகியிருந்தது. "முன்னாடியே சொல்லியிருந்தா வந்திருப்பேனேண்ணே" என்று மட்டும் சொல்லி அனுப்பினாராம். அதன் பிறகு இவர் கண்ணில் பட்டவரையெல்லாம் கேட்டார். ஆஸ்பத்திரித் தோட்டக்காரரைக்கூட, "மிஷின் சுத்துவீங்களா?" என்று கேட்டதை நானே பார்த்தேன்.

கட்டைப் பிரித்த காலையில் டாக்டர் அவளுடைய நல்ல கண்ணை மூடிவிட்டு விரல்களைக் காட்டினார். இரண்டு என்றாள். பிறகு நாலு என்றாள். ஓரத்தில் கொஞ்சம் புகை மாதிரி இருக்கிறதாம். அது அப்படியே இருக்கலாம் என்றார் டாக்டர்.

அவளை வெளியே நடத்திக் கொண்டுவந்தேன். இவர் மரத்தடியிலிருந்து எழுந்தார், கிட்டே வராமல் நின்றார். மகள் வலது கண்ணைத் தன் கையால் பொத்திக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்பா, சட்டையத் திருப்பிப் போட்டிருக்கீங்க."

அவர் குனிந்து பார்த்தார். சட்டையைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் பொத்தானைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்குக் கோபம் அப்போதும் போகவில்லை.

"ஆள் கெடச்சாங்களாப்பா?" என்று கேட்டாள்.

"ரெண்டு பேரு. நாளைக்கு வாராங்க."

"ஒருத்தர் முகப்புக்கு. முதல்ல அவரச் சேத்துக்குங்க" என்றாள். வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகும் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.