முந்நூற்றுப் பதினைந்து ஆரஞ்சு

சுதாராணி டீச்சருக்கு எங்கள் ஊரில் பேச ஆள் கிடையாது. தாண்டிக்குடிக்கு மேலே மலையில் எங்கள் பள்ளி: பதினாலு பிள்ளைகள், ஐந்து வகுப்பு, ஒரே டீச்சர். பதினொரு வருடமாக ஜாசிம் பாய் கடை மாடியில் தனியாகக் குடியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மாடியில் நின்று துணி உதறுவார். அங்கே ஐந்தாவது முடித்துவிட்டு ஊர் சுற்றிக்கொண்டிருந்த நான் ஒருநாள் கீழேயிருந்து அதேபோல் கையசைத்தேன், கேலிக்குத்தான். நிஜமாகவே தன்னைக் கூப்பிடுகிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டார். அத்தோடு அந்த விளையாட்டை விட்டுவிட்டேன்.

போன தை மாதம் ஜீப்பில் ஓர் அதிகாரி வந்தார். மூன்றாம் வகுப்புக்குத் திறன் தேர்வு. அந்த வகுப்பில் நான்கு பேர். இரண்டு பேராவது தேறாவிட்டால் பள்ளியைக் கீழூர்ப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். காட்டுமாடு நிற்கும் பாதையில் நாலு கிலோமீட்டர் பிள்ளைகள் நடக்க மாட்டார்கள். ஆரஞ்சுத் தோட்டத்து வேலைக்குத்தான் போவார்கள்.

அன்றைக்கு நான் சாக்பீஸ் பெட்டியில் ஓணான் விடப் போனவன், ஜன்னலோடு நின்றுவிட்டேன்.

வாசிப்பு நன்றாகவே போனது. பிறகு கணக்கு.

"ஒரு பெட்டியில நூறு ஆரஞ்சு. மூணு பெட்டியில எத்தன?"

அழகையா மகள் மகாராணி யோசிக்கவே இல்லை. "முந்நூத்திப் பதினஞ்சு சார்."

தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டும் மற்ற மூவரும் அதையேதான் சொன்னார்கள்.

"நீங்க சொல்லிக் குடுத்ததா டீச்சர்?"

"இல்லீங்க சார். தோட்டத்துல பெட்டி கட்டுறப்ப நூத்துக்கு அஞ்சு அழுகலுக்குன்னு சேத்துப் போடுவாங்க. இதுக அங்கதான் எண்ணப் பழகுதுக."

"கணக்குல அழுகல் கெடையாது." அதிகாரி கைபேசியைக் காட்டினார். "இதுல சரி, தப்பு, ரெண்டே பட்டன்தான். பிள்ளைய முந்நூறுன்னு ஒரு வாட்டி சொல்லச் சொல்லுங்க, நாலு பேருக்கும் சரின்னு அமுக்கிட்டுப் போறேன்."

டீச்சர் மகாராணி முன்னால் குனிந்தார். "அழுகலே இல்லாத பெட்டின்னு வச்சுக்கம்மா."

"அப்பிடிப் பெட்டி இல்ல டீச்சர்."

"சும்மா வச்சுக்க. எத்தன?"

"நூறு மட்டும் போட்டா எங்கப்பாவத்தான் திட்டுவாக."

டீச்சர் மூன்றாம் தடவை கேட்கவில்லை. மகாராணியின் தலையில் கை வைத்தபடி நின்றார். அதிகாரி நான்கு தடவை ஒரே பட்டனை அமுக்கினார்.

ஜூனில் எங்கள் பள்ளி திறக்கவில்லை. டீச்சரைக் கீழூருக்குப் போட்டார்கள். அங்கேயே வீடு பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. பிள்ளைகளைக் கூட்டிப்போகத் தினமும் காலை ஏழரைக்குப் பாதை முனையில் நின்றார். முதல் நாள் பதினொரு பேர் வந்தார்கள். அடுத்த வாரம் ஆறு. ஆடி மழையில் ஒருவருமில்லை. அப்போதும் எட்டு மணிவரை நின்றுவிட்டுத் தனியாக இறங்குவார்.

ஒருநாள் கேட்டேன்: "கீழ வரைக்கும் தொணைக்கு வரட்டுமா டீச்சர்?"

"ஏலே, போய் ஒன் சோலியப் பாரு," என்றார்.

பத்தடி போய், குடையைச் சாய்த்து, வருகிறேனா என்று திரும்பிப் பார்த்தார்.