மேச்சேரிப் பிரிவில் என் முகம்

மேச்சேரிக்குத் திரும்பும் சாலைப் பிரிவில் இருபதடி அகலத்துக்கு நான் சிரித்துக்கொண்டு நின்றேன். பட்டமளிப்பு விழாவின் கறுப்பு அங்கி, தலையில் குஞ்சம் வைத்த தொப்பி, கையில் லேப்டாப். மூன்றும் இரவல். எங்கள் கல்லூரியின் அட்மிஷன் ஃப்ளெக்ஸ் அது. மகள் முகத்தை ரோட்டில் மாட்ட எந்த மாணவியின் அப்பாவும் ஒத்துக்கொள்ளவில்லை. “நீங்களே நின்னுருங்க மேடம், பாக்க ஸ்டூடண்ட் மாதிரித்தான் இருக்கீங்க” என்றார் கரஸ்பாண்டண்ட். நான் அங்கே விஸ்காம், அதாவது விஷுவல் கம்யூனிகேஷன், துறையில் ஆசிரியை. வடிவமைத்ததும் நான், நின்றதும் நான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான்.

எனக்குத் தெரிந்த ஒரு வித்தையை அதில் இறக்கியிருந்தேன். படத்தில் இருப்பவர் எங்கே பார்க்கிறாரோ, பார்ப்பவர் கண்ணும் அங்கேதான் போகும். முதல் வருஷப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் நடத்துகிற பாடம். அதனால் ஃப்ளெக்ஸில் நான் ரோட்டைப் பார்க்கவில்லை. கழுத்தை லேசாகத் திருப்பி, வலது மூலையில் மஞ்சள் எழுத்தில் இருந்த அட்மிஷன் போன் நம்பரைப் பார்த்துச் சிரித்தேன். என் ஆராய்ச்சியும் இதைப் பற்றியதுதான். விளம்பரப் பலகையில் மக்கள் முதலில் எதைப் பார்க்கிறார்கள், அடுத்து எதை என்று டீக்கடையிலும் பஸ் ஸ்டாப்பிலும் கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதி வந்தேன். பாதிப் பேர் “பொண்ணு மூஞ்சி” என்றார்கள். மீதிப் பேர் “ஏனுங்க, நீங்கதானே அது?” என்றார்கள்.

அந்த ஆராய்ச்சியை முழுநேரமாகச் செய்ய வெளிமாநிலத்து டிசைன் கல்லூரி ஒன்றிலிருந்து எனக்கு நேர்காணல் அழைப்பு வந்தது. கோடை முடிந்து வரும் ஒரு திங்கட்கிழமை ஒரிஜினல் சான்றிதழ்களோடு வரவேண்டும். என் ஒரிஜினல் எதுவும் என்னிடம் இல்லை. எங்கள் பக்கத்துத் தனியார் கல்லூரிகளில் இது பழக்கம். வேலைக்குச் சேருகிற அன்றே பத்தாவது மார்க் ஷீட் முதல் கடைசிப் பட்டம் வரை வாங்கி ஆபீஸ் இரும்பு பீரோவில் பூட்டிவிடுவார்கள். நாம் பாதியில் போய்விடக் கூடாதாம். நானும் படித்த மகராசி, ஒரு வார்த்தை கேட்காமல் நீட்டியிருந்தேன். ஆப்பைப் பிடுங்கிய குரங்குக்காவது வால் மட்டும்தான் மாட்டியது.

போய்க் கேட்டேன். கரஸ்பாண்டண்ட் கோபப்படவே இல்லை. “அட்மிஷன் டியூட்டில பத்துப் புள்ளைங்களக் கொண்டாந்து சேருங்க மேடம். அன்னைக்கே சர்டிபிகேட்ட எடுத்துட்டுப் போங்க” என்றார். கோடை முழுக்கக் கல்லூரி வேனில் ஊர் ஊராகச் சுற்றினேன். நேர்காணலுக்கு முந்தின வெள்ளிக்கிழமைக்குள் ஒன்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். இன்னும் ஒன்று.

மறுநாள் காலை மேச்சேரிப் பக்கம் ஒரு வீட்டிலிருந்து போன் வந்ததாகச் சொன்னார்கள். என்னோடு கணக்கு வாத்தியார் வந்தார். ஏழு வருஷமாக அவருடைய சான்றிதழும் அதே பீரோவில்தான் கிடக்கிறது. ஆட்டுப்பட்டியை ஒட்டிய ஓட்டு வீடு. வாசலிலேயே பெண்ணின் அப்பா என்னைப் பார்த்துத் திகைத்து நின்றுவிட்டார்.

“அட, போர்டுல இருக்கற அம்மிணி! ஏ புள்ள, ஆரு வந்திருக்காங்கன்னு வந்து பாரு! வாங்க சாமி, ஊட்டுக்குள்ள வந்து உக்காருங்க. இப்ப எந்தக் கம்பெனீல இருக்கீங்க?”

நான் வாயைத் திறப்பதற்குள் கணக்கு வாத்தியார் முந்திக்கொண்டார். “பெங்களூருங்க. லீவுல வந்திருக்காங்க.”

நான் மறுக்கவில்லை. தண்ணீர்ச் சொம்பை வாங்கிக் குடித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

“இருங்க, ஆட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வாரேன்” என்று அப்பா வெளியே போனார். கணக்கு வாத்தியாரும் பேச்சுக் கொடுத்துக்கொண்டே பின்னால் போனார். பெண் என் எதிரில் உட்கார்ந்தாள். மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர், உள்ளே பிளஸ் டூ மார்க் ஷீட், டிசி, ஜாதிச் சான்றிதழ். என்ன பேசுவதென்று தெரியாமல், பழக்க தோஷத்தில் நோட்டை எடுத்துக் கேட்டேன். “அந்தப் போர்டுல மொதல்ல என்ன பாத்தே?”

“உங்க மூஞ்சிதானுங்கக்கா. அப்பறம் இந்தக்கா எதப் பாத்து இப்பிடிச் சிரிக்கறாங்கன்னு பாத்தேன். போன் நம்பரு. பஸ்ஸு அங்கதான் நின்னுட்டு இருந்துச்சா, உடனே அடிச்சுட்டேன்.”

ஐயோ என்றிருந்தது. வகுப்பில் எவளாவது இப்படிப் பதில் எழுதியிருந்தால் முழு மார்க் போட்டிருப்பேன். நோட்டில் ஒரு எழுத்துகூட எழுத முடியவில்லை.

“வேற எங்கயாவது அப்ளிகேஷன் போட்டிருக்கியா?”

“சேலத்துல கவர்மெண்ட் காலேஜுக்குப் போட்டிருக்கேனுங்க. லிஸ்ட் அடுத்த வாரம். அதுக்குள்ள இங்க ஒரிஜினலக் குடுத்துட்டா சீட்டு உறுதின்னு போன்ல சொன்னாங்க. இந்தாங்க.”

கவரை வாங்கிக்கொண்டேன். அதை மறைக்க மாட்டேன். வாங்கி என் பைக்குள் பாதி வைத்தும்விட்டேன். பத்தாவது அட்மிஷன். இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் சாயங்காலம் பீரோ திறக்கும், ராத்திரி ரயிலேறிவிடலாம். அந்தப் பெண்ணோ போர்டில் பார்த்த சிரிப்பு எப்போது வரும் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திருப்பிக் கொடுத்தேன். “லிஸ்ட் வர்ற வரைக்கும் இத யாருக்கும் குடுக்காத சாமி. எங்க காலேஜுல குடுத்தா லேசுல திரும்பி வராது. என்னோடதே வரல. நான் பெங்களூர்ல இல்ல. அங்கயேதான் பாடம் நடத்திக்கிட்டுக் கெடக்கறேன்.”

அவள் கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள், “அப்பறம் எதுக்குங்கக்கா சிரிச்சீங்க?”

“சிரிக்கச் சொன்னாங்க” என்றேன்.

வேனில் நடந்ததைச் சொன்னதும் கணக்கு வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார். “பைத்தியமா மேடம் உங்களுக்கு? பத்தாவது அட்மிஷன்!” மேட்டூர் ரோட்டுக்கு வரும்வரை திட்டினார். அப்புறம் குரல் இறங்கிவிட்டது. “எம் பொண்ணும் அடுத்த வருஷம் பிளஸ் டூங்க. நாங்கூட இங்க சேக்க மாட்டேன்.”

திங்கட்கிழமை வந்தது, போனது. நேர்காணல் நடந்த நேரத்தில் நான் அதுவரை சேர்ந்திருந்த முதல் வருஷப் பிள்ளைகளுக்கு ‘படத்தில் பார்வையின் திசை’ நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் அம்புக்குறி போடும்போது அழுகை முட்டியது. சாக்பீஸ் தூசி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தேன். அந்தப் பெண்ணுக்கு அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஃப்ளெக்ஸை இறக்கிய பிறகு அவளுடைய அப்பா அதைக் கேட்டு வாங்கிப்போய், அளவுக்கு அறுத்து, பட்டியில் மழைக்கு மறைப்பாகக் கட்டினாராம். போட்டோ அனுப்பியிருந்தாள். நம்பர் இருந்த துண்டு போய்விட்டது. “இப்ப எங்க ஆட்டப் பாத்துச் சிரிக்கறீங்கக்கா” என்று எழுதியிருந்தாள். ஸ்டாஃப் ரூமில் வாய்விட்டுச் சிரித்தேன்.

இந்த வருஷ ஃப்ளெக்ஸுக்குப் போன வாரம் மறுபடி கூப்பிட்டார்கள். மாட்டேன் என்று சொல்ல எனக்கு எங்கே இடம்? சான்றிதழ் இன்னும் அவர்கள் கையில். ஆபீஸ் அறையிலேயே விளக்கு வைத்திருந்தார்கள். அதே அங்கி, வேறு லேப்டாப். நான் கழுத்தைத் திருப்பி, மூலையில் இருந்த இரும்பு பீரோவைப் பார்த்தேன். “சிரிங்க மேடம்” என்றார் போட்டோகிராபர். நான் சிரிக்கவில்லை. அவர் கேமராவை இறக்கிவிட்டு நான் பார்த்த பக்கம் திரும்பிப் பார்த்தார். கரஸ்பாண்டண்டும் பார்த்தார்.

“அங்க ஒண்ணும் இல்லீங்களே மேடம்?” என்றார் போட்டோகிராபர்.

“இருக்குதுங்க,” என்றேன், “எடுங்க.”