அகரத்திலிருந்து மொபெட்டில் வந்த மல்லிகை

திண்டுக்கல்லுக்குச் செய்தி சேகரிக்கப் பலமுறை போயிருக்கிறேன். ஊர் பார்க்கப் போனதில்லை. நிருபர் வேலையில் எங்கு போனாலும் வேலை முடிந்த கையோடு பஸ் ஏறிவிடுவேன். கடந்த வைகாசியில், ஒரு முகூர்த்த நாளுக்கு முந்தின தினம், மல்லிகை பறிப்பதிலிருந்து சந்தையில் விற்பது வரை பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். எந்த ஆசிரியரும் அனுப்பாமல் நானாகப் போன முதல் பயணம். முந்தின இரவு தூக்கமே வரவில்லை!

காலை ஐந்து மணிக்குப் பேருந்து நிலையத்தில் காதர் என்பவரின் ஆட்டோவைப் பிடித்தேன். அகரம் போய், காத்திருந்து, திரும்ப அறுநூறு ரூபாய். கரூர் சாலையில் தாடிக்கொம்புப் பக்கம், சுமார் பத்துக் கிலோமீட்டர். செல்வியும் அவர் கணவர் முருகேசனும் நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு தங்கள் தோட்டத்தில் மொட்டுப் பறித்துக்கொண்டிருந்தார்கள். மொட்டாகவே சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும். வெயில் ஏறி இதழ் விரிந்தால் விலை விழுந்துவிடும்.

ஆறரைக்கு முருகேசனுக்கு ஒரு போன் வந்தது. ஊர்ப் பூவையெல்லாம் ஏற்றிப்போகும் லோடு ஆட்டோ பழுதாம். அந்த வாரத்தில் நல்ல விலை கிடைக்கப்போவது அன்று ஒரு காலைதான். முருகேசனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. செல்விக்கு மொபெட் ஓட்ட உரிமம் கிடைத்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. ஊர் எல்லையைத் தாண்டி ஓட்டியதில்லை. மூட்டையை எங்கள் ஆட்டோவில் போடச் சொன்னேன்.

"நாளைக்கும் நீங்க வருவீகளாண்ணே?" என்று கேட்டபடியே செல்வி மூட்டையை மொபெட்டின் முன்புறம் தூக்கி வைத்தார். தலையில் மாட்டிய புது ஹெல்மெட்டில் ஸ்டிக்கரைக்கூடக் கிழிக்கவில்லை.

முருகேசன் பின்னால் உட்கார்ந்தார். நாங்கள் பின்தொடர்ந்தோம். ஒவ்வொரு வேகத்தடையிலும் அவர் இறங்கிக்கொள்வார். வண்டி தாண்டியதும் ஓடிப்போய் மறுபடி ஏறிக்கொள்வார். பாரம் குறையட்டும் என்று உதவியாம்.

"பொண்டாட்டி மேல நம்பிக்கை இல்லேன்னு சொல்ல இம்புட்டு ஓடணுமா சார்?" என்றார் காதர்.

சிரித்தேனே தவிர, எதிரே லாரி வந்தபோதெல்லாம் நானும் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். செல்வி இருபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவில்லை; எங்கும் நிற்கவும் இல்லை.

திண்டுக்கல்லுக்குள் முதல் சிக்னலில் சிவப்பு விழுந்தது. முருகேசன் வழக்கம்போல இறங்கினார். பச்சை விழுந்ததும் பின்னால் நின்ற பஸ் ஹாரன் அடிக்க, செல்வி திரும்பிப் பார்க்காமல் போயே போய்விட்டார்.

முருகேசன் எங்கள் ஆட்டோவுக்கு ஓடி வந்தார்.

"என்னண்ணே, அக்கா எறக்கி விட்டுட்டாகளா?" என்றார் காதர்.

"நானாத்தான்யா எறங்குனேன்" என்றபடி ஏறிக்கொண்டார். சந்தைக்கு முந்தின திருப்பத்தில் பஸ்கள் நாலாபக்கமும் வளைந்து நுழைந்தன. தலையை வெளியே நீட்டித் தேடிக்கொண்டே வந்தார்.

ஏழேகாலுக்குப் பூ மார்க்கெட்டில் நுழைந்தபோது செல்வியின் மூட்டை தராசில் இருந்தது. ஒரு மொட்டும் விரியவில்லை. எதிர்பார்த்த விலையே கிடைத்தது.

"எங்க எறங்குனீக?" என்று கணவரைக் கேட்டார் செல்வி. "நாம்பாட்டுக்குப் பேசிக்கிட்டே வாரேன், ஒரு பதிலும் காணோம்."

தண்ணீர் பாய்ச்சப் போகலாம் என்றார் முருகேசன். செல்வி மலைக்கோட்டைப் பக்கம் கையைக் காட்டினார். "பஸ் சன்னல்லயே பாத்த மலை. செத்த நேரம் ஒரு சுத்து சுத்திட்டுப் போவோம். வேலைக்கு மட்டுமே வண்டி ஓட்டுனா கைதான் வலிக்கும்."

காலிச் சாக்கு காற்றில் படபடக்க மொபெட் கிளம்பியது. தெருமுனையில் ஒரு வேகத்தடை. முருகேசன் இறங்கவில்லை.

அன்று நானும் உடனே பஸ் ஏறவில்லை. மலைக்கோட்டை ஏறினேன், மதியம் பிரியாணி சாப்பிட்டேன், ஒரு மரத்தடியில் தூங்கவும் செய்தேன். வேலை முடிந்த பிறகு ஒரு சுற்று சுற்றாமல் எத்தனை ஊர்களிலிருந்து திரும்பியிருக்கிறேன்!

போகிறவர்களுக்கு: வைகாசி நல்ல மாதம். ஐந்தரைக்குள் தோட்டத்தில் இருங்கள். உரிமையாளரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பறித்த மொட்டைக் கையால் அளையாதீர்கள். மலைக்குத் தண்ணீர் கொண்டுபோங்கள். ஆட்டோவில் ஓர் இடம் காலியாக இருக்கட்டும். சிக்னலில் யாராவது ஒரு கணவர் நிற்கக்கூடும்.