சிவப்பு பல்பு எரியும்போது

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம், எனக்கொன்றும் வருத்தமில்லை. என்னோடு வேலை செய்தவளுக்கு நடந்தது இது. முடிவை நானே கூட இருந்து பார்த்தேன்.

ஆபீஸ் நேரம் போக, அவள் கதைப் புத்தகங்களை வாசித்துக் குரல்பதிவு செய்து கொடுப்பவள். அதற்கென்று வீட்டில் ஒரு சின்ன அறை. சுவரெல்லாம் பழைய மெத்தை, உள்ளே மைக், கம்ப்யூட்டர். கதவுக்கு மேலே சிவப்பு பல்பு. அது எரிந்தால் பதிவு நடக்கிறது, யாரும் கதவைத் திறக்கக் கூடாது. மெக்கானிக் கணவன் அந்தச் சட்டத்தை ஒருநாளும் மீறியதில்லை.

அவளுக்கு ஒரே குறைதான். கல்யாணமான புதிதில் வாய் ஓயாமல் பேசியவன், இந்த வீட்டுக்குக் குடிவந்த பிறகு ஊமையாகிவிட்டான். "ம்", "சாப்டாச்சு"... அவ்வளவுதான். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று நாங்கள் கேலி செய்வோம். கூடச் சேர்ந்து சிரிப்பாள். பிறகு பாத்ரூமில் போய் அழுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கடைசி அத்தியாயம் பாக்கி இருந்தது. டிஸ்கில் இடமில்லை என்று கம்ப்யூட்டர் அடம்பிடித்தது. பழைய படங்கள், முடிந்த பதிவுகள் எல்லாவற்றையும் அழித்தாள். அப்படியும் இடம் வரவில்லை. எதுவோ விழுங்கிக்கொண்டிருக்கிறது... மறைந்திருக்கும் ஃபைல்களையும் காட்டும்படி செட்டிங்ஸை மாற்றினாள்.

மங்கலாக ஒரு ஃபோல்டர் தெரிந்தது. டிஸ்கில் முக்கால்வாசி அதுதான். உள்ளே நூற்றுக்கணக்கில் குரல்பதிவுகள். எல்லாமே வேலைநாள் மத்தியானங்கள். அந்த நேரத்தில் அவள் எங்களோடு ஆபீசில் இருப்பாள்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு பழைய பதிவு ஒன்றைத் திறந்தாள்.

ஸ்ஸ்ஸ்... வெறும் இரைச்சல். பிறகு, கதவுக்கு வெளியிலிருந்து, கணவனின் சிரிப்பு. பட்டறையில் நடந்ததையெல்லாம் கொட்டிக்கொண்டிருந்தான். மைக்குக்கு மிக அருகில், கரகரத்த குரலில் ஒரு பெண் "ம்... அப்புறம்?" என்றாள்.

அவள் பதிவை நிறுத்தினாள். என் வீட்டில், என் அறையில், இன்னொருத்தியா?

அடுத்ததைத் திறந்தாள். அதற்கடுத்தது... போகப்போகக் கரகரப்பு குறைந்தது.

கடைசிப் பதிவு.

"முதல்லேருந்து சொல்றதுதான், வெளியில என்கிட்ட பேசாதீங்க. தொண்டை கெட்டுடும். எதுன்னாலும் இங்க வந்து சொல்லுங்க."

"சரி. உன் இஷ்டம்."

அந்தப் பெண் குரல் அவளுடைய குரலேதான்.

கணவனைக் கூப்பிட்டாள். "மத்தியானம் யார்கிட்ட பேசறீங்க?"

"உன்கிட்டதான். சாப்பிட வரும்போதெல்லாம் லைட் எரியுமே."

"மத்தியானம் நான் ஆபீஸ்லதான் இருக்கேன்."

"ஆபீஸ் வேலையை விட்டுட்டேன்னு உள்ளேருந்து நீதானே சொன்ன..."

ஹெட்போனை அவன் காதில் வைத்தாள். அவன் அதைக் கழற்றிவிட்டு, கதவுக்கு மேலிருந்த பல்பை நிமிர்ந்து பார்த்தான்.

எல்லாவற்றையும் அழித்தாள். அந்த வாரமே வீட்டைக் காலி செய்தார்கள். புது வீட்டில் கொஞ்ச நாள் பழையபடி பேசினான். அவளும் மனம் குளிர்ந்து போனாள். பிறகு மறுபடியும் "ம்".

ஒரு மத்தியானம், என் பக்கத்து நாற்காலியில் இருந்தபோது அவளுக்கு போன் வந்தது. பழைய வீட்டுக்காரர். ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏம்மா, காலி பண்ணின வீட்டுக்கு ரெண்டு பேரும் ஏன் தினம் வர்றீங்க? அவர் ரூம் வாசல்ல உக்காந்திருக்காரு. நீ உள்ள இருந்துகிட்டு போன் மட்டும் எடுக்கற, கதவைத் திறக்க மாட்டேங்கற. கரண்ட்டை எப்பவோ வெட்டியாச்சு... அந்த பல்பு எப்படிம்மா எரியுது?"

போனுக்குள் அவள் கணவன் சிரிப்பது கேட்டது.

கூடவே இன்னொரு சிரிப்பும். அவளுடையதே.

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"பேய்னு கூட எனக்கு பயமில்ல," என்றாள். "அது நான் இல்லன்னு தெரிஞ்சும் போறாரே..."