ஞாயிறு பத்து மணிக்குள் பாட வேண்டும்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு லோரி வரும் என்று சொல்லியிருந்தார்கள். அதற்குள் அந்தப் பெட்டி பாட வேண்டும். பாடினால் கடையிலேயே இருக்கும். பாடாவிட்டால் லோரியில் ஏறி சிங்கப்பூருக்குப் போய்விடும். அதுதான் பேச்சு. பேச்சைக் கொடுத்தவள் நான். எழுபத்திரண்டு வயதில் கொடுத்த பேச்சு.

கடை எங்கள் தாமானுக்கு, அதாவது எங்கள் குடியிருப்புக்கு, முன்னால் இருக்கும் காப்பிக்கடை. சிகாமட்டில் அதைவிடப் பெரிய கடை எத்தனையோ இருக்கிறது, எனக்குக் காப்பி அங்கேதான். கடைக்காரி சீனத்தி, என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள். நான் அவளைத் தவுக்கே, அதாவது முதலாளி, என்பேன்; மூத்தவளானாலும் அவள் என்னை அக்கா என்பாள். பாதி மலாய், பாதி தமிழ், மீதி கையும் கண்ணும். முப்பது வருஷமாக இப்படித்தான் பேசிக்கொள்கிறோம், ஒரு சண்டை வந்ததில்லை.

பெட்டி என்று நான் சொல்வது ஜூக்பாக்ஸ். பித்தானை அழுத்தினால், உள்ளே வரிசையாக நிற்கும் இசைத்தட்டில் நாம் கேட்டதைத் தானே எடுத்து வைத்துப் பாடும். என் நெஞ்சு உயரம் இருக்கும், முன்னால் கண்ணாடி. ஆற்று வெள்ளம் கடைக்குள் முழங்காலுக்கு மேல் வந்த வருஷம் அது நின்றது. அதற்கப்புறம் அதன் மேல் முட்டைத் தட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

இப்போது கடையைப் பார்ப்பது தவுக்கேயின் மகன். ஐம்பது வயது இருக்கும். கடையைப் புதுசாக்கப் போகிறேன் என்று சுவர், மேசை எல்லாம் மாற்றினான். ஒரு நாள் காலையில், எல்லாரும் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது பெட்டியைக் காட்டி, "செத்த சாமான் கடைக்குள்ள இருக்கக்கூடாது, வியாபாரம் படுத்துரும். சிங்கப்பூர்ல ஒருத்தர் கேக்கறார், குடுத்துரலாம்," என்றான். தவுக்கே காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றது. முந்தின வாரம்தான் என்னிடம் சொல்லியிருந்தாள்: "கடை அவன் பேர்ல, அக்கா. மேசை அவன் வாங்கினது. இது ஒண்ணுதான் என்னோடது."

நான் கேட்டேன், "செத்தாதானே போகணும்? பாடினா?"

"பாடினா இருக்கட்டும், ஆன்ட்டி. யார் பாட வைப்பாங்க?"

"நான்."

கடையே சிரித்தது. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஒருத்தர் தினமும் மூலை மேசையில் உட்காருவார். அவர், "அக்கா, அது இட்லிப் பானை இல்ல, மூடியத் தொறந்து குத்திப் பாக்கறதுக்கு," என்றார்.

"ஒங்க வீட்ல பாடுன ரேடியோ என் கை பட்டு வந்ததா இருக்கும், தம்பி. பேசாம காப்பியக் குடிங்க," என்றேன்.

பொய் இல்லை. ஜொகூர் பாருவில் ரேடியோ செய்யும் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் ஈயம் பற்றவைத்தவள் நான். ஆனால் முழு உண்மையும் இல்லை. என் முன்னால் ஒரு பலகை வரும், அதில் ஏழு புள்ளி. ஏழையும் வைத்துத் தள்ளிவிடுவேன், அடுத்தது வரும். ஒரு முழு ரேடியோவின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. அதை அங்கே சொல்லவில்லை. ஒரு மாதம் தவணை வாங்கிக்கொண்டு எழுந்து வந்தேன்.

வீட்டில் என் மகன் தலையில் கை வைத்தான். "அம்மா, கரண்டுக்கு உங்க வயசெல்லாம் தெரியாதும்மா." தெரியாதுதான். அதனால்தான் ரப்பர் செருப்பு வாங்கினேன்.

மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் கடை அடங்கியதும் போவேன். வெள்ளத்துச் சேற்றில் உள்ளே எல்லா வயரும் ஒரே நிறமாகியிருந்தது. எது எங்கே போகிறது என்று எழுதி ஒட்ட எனக்கு வராது. பூக்கட்டும் நூல் எடுத்துப் போனேன். ஒரு வயரைக் கழற்றினால் அது இருந்த இடத்தில் ஒரு முடிச்சு, வயரில் ஒரு முடிச்சு. அடுத்ததுக்கு இரண்டு. பத்து தாண்டினால் சிவப்பு நூல். ஒன்றும் தவறவில்லை. கைப்பேசியில் ஒரு வெள்ளைக்காரன் இதே மாதிரிப் பெட்டியைப் பிரிப்பதைப் பார்த்தேன். பேச்சு புரியாது, கை புரிந்தது. கரண்டு இருக்கும்போது தொட வேண்டியிருந்தால் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வான். நானும் அப்படியே. பிளக்கை உருவினாலும் சில குப்பிகளுக்குள் கரண்டு ஒளிந்திருக்கும் என்பது அவனிடம் பார்த்துப் புரிவதற்கு முன்னாலேயே எனக்குப் புரிந்துவிட்டது. தோள் வரைக்கும் ஷாக் வாங்கினேன். ஒரு மூலையில் உட்கார்ந்து, இதயம் ஓடுகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் மகனிடம் மூச்சு விடவில்லை.

துரு, அதாவது கராட், அதுதான் பெரிய பாடு. ஸ்பிரிட், எண்ணெய், பழைய பல் பிரஷ். மூன்று வாரம் தேய்த்தேன். ஒரு இடத்தில்கூட கராட் என்று யாரும் காட்ட முடியாது.

அந்தப் பெட்டிக்கு மூளை எதுவென்றால், இசைத்தட்டுச் சக்கரத்துக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு வட்டம். அதைச் சுற்றிச் சின்னச் சின்னதாகப் பித்தளைக் குமிழ்கள், ஒரு தட்டுக்கு ஒன்று. மெல்லிசாக ஒரு பித்தளை விரல் அந்தக் குமிழ்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு சுற்றும். நாம் கேட்ட பாட்டின் குமிழைத் தொட்டதும் சக்கரம் நிற்கும். விரல் சரியாகத் தொடாவிட்டால் நிற்காது, சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த விரலைச் செவ்வாய்க்கிழமை நானே துடைத்தேன், பென்சில் அழிக்கும் ரப்பரால்.

வியாழன் சாயங்காலம் பெட்டி பாடியது.

கடையில் நானும் தவுக்கேயும்தான். ஒரு மலாய்ப் பாட்டு. முதலில் கரகரவென்று, அப்புறம் தெளிவாக. தவுக்கே பாட்டு முடியும் வரை நின்றாள், அவளே போய் நிறுத்தினாள். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் யாருக்கும் சொல்லாதே, அக்கா. அவன் முகத்தை நான் பாக்கணும்."

வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு, சந்தனமும் குங்குமமும் ஒரு டப்பியில் எடுத்துப் போனேன். தொழிற்சாலையில் ஆயுத பூஜை அன்று நாங்கள் பெண்கள் எல்லாரும் ஈயக் கோலுக்குப் பொட்டு வைப்போம், சூப்பர்வைசர் வேறு பக்கம் பார்ப்பார். வேலை செய்கிற சாமானுக்குப் பொட்டு வைக்காமல் எப்படி? வெளியே வைத்தால் வருகிறவன் சட்டையில் ஒட்டும், அவர்கள் சாமி மாடமும் எதிரில் இருக்கிறது. யார் கண்ணுக்கும் படாமல் உள்ளே வைத்தேன். மூடியைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை தவுக்கே மெதுவாக ஒரு பித்தானை அழுத்தினாள். சக்கரம் சுற்றியது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. நிற்கவில்லை.

வியாழக்கிழமை பாடிய பெட்டி. யார் தொட்டது? பெட்டியின் பின்னால் தவுக்கே மகனுடைய டார்ச் லைட் கிடந்தது. வெள்ளிக்கிழமை கடை பூட்டியது அவன்தான். எனக்கு அது போதுமாக இருந்தது.

அவன் தேத்தண்ணி தட்டோடு வந்தபோது எல்லார் முன்னாலும் கேட்டேன். "நேத்து நீ இதத் தொட்டியா?"

"நான் ஏன் ஆன்ட்டி தொடணும்?"

"பாடக்கூடாதுன்னு நெனைக்கிறவன் இந்தக் கடையில ஒருத்தன்தானே இருக்கான்."

மூலை மேசைக்காரர், "அலமாக், அய்யய்யோ," என்றார். தவுக்கே அவர்கள் பாஷையில் மகனிடம் ஒரே ஒரு வார்த்தை கேட்டாள். என்ன என்று எனக்குத் தெரியாது. அவன் முகம் சிவந்து போனது. தட்டை வைத்துவிட்டு வெளியே போய்விட்டான். அன்று முழுக்கத் தாயும் மகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

நான் பெட்டிக்குள் தலையை விட்டேன். முடிச்சுகளை எல்லாம் எண்ணினேன், இருந்தது. ஈயம் வைத்த இடங்களை ஆட்டிப் பார்த்தேன், ஆடவில்லை. நல்லாயிருந்ததையே ஏழு இடத்தில் கழற்றித் திரும்ப வைத்தேன். பிளக்கைப் போட்டால் சுற்றும், நிற்காது. கடை மூடும் நேரத்துக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. நடுங்கும் கையால் ஈயம் வைக்கக்கூடாது. எழுந்துவிட்டேன். தவுக்கே, "போதும், அக்கா. போகட்டும்," என்றாள். அந்தப் 'போகட்டும்'தான் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஞாயிறு ஒன்பதரைக்கே லோரி வந்துவிட்டது. சிங்கப்பூர்க்காரர் ஒல்லியாக, மார்பில் கண்ணாடி தொங்க, வெள்ளைத் துணிக் கையுறை போட்டிருந்தார். கூட இரண்டு ஆட்கள், கயிறும் கம்பளியும். மகன் வாசலில் நின்றான், என் பக்கம் திரும்பவில்லை. சிங்கப்பூர்க்காரர் மூடியைத் திறந்து நிதானமாகப் பார்த்தார்.

"இது யார் சோல்டர் பண்ணது? ரொம்ப சுத்தம்," என்றார், மலாயில்.

என் தலை கொஞ்சம் நிமிர்ந்தது.

"ஆனா இங்க கராட் இருக்கே."

எனக்குச் சுர்ரென்று வந்தது. "கராட்டா? மூணு வாரம் தேச்சிருக்கேன், எங்க கராட்?"

கையுறை விரலால் கறுப்பு வட்டத்தின் உச்சியைக் காட்டினார். "இந்தா, சிவப்பா. ஒட்டிப் போயிருக்கு. சுத்தி முழுக்க இழுத்திருக்கு."

"அது கராட் இல்ல, அது..."

குனிந்து கிட்டே பார்த்தேன்.

சனிக்கிழமை முழுக்க அதைப் பார்த்தேன். நூறு தடவையாவது பார்த்திருப்பேன். பொட்டு வைத்த இடத்தை நாம் அழுக்கு என்று பார்ப்போமா? பார்க்க மாட்டோம். ஈரச் சந்தனத்தை வட்டத்தின் மேல் வைத்தேன். மூடிய பெட்டிக்குள் அது காயாமல் இருந்திருக்கிறது. சனிக்கிழமை சுற்றியதும் பித்தளை விரல் அதன் மேல் ஏறி இறங்கி, தன் நுனியில் அப்பிக்கொண்டு, எல்லாக் குமிழுக்கும் கொண்டுபோய்ப் பூசியிருக்கிறது. காய்ந்து ஓடு கட்டிவிட்டது. விரல் குமிழைத் தொடவே இல்லை, என் சந்தனத்தைத்தான் தொட்டுக்கொண்டிருந்தது.

இப்போது நான் வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. கராட் என்றே போய்விடும். என் பேர் போகாது. பெட்டி போகும். மகன் தாயின் கண்ணில் பெட்டியைக் கெடுத்தவனாகவே இருப்பான்.

கடையில் நேற்றைய அதே ஆட்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள். மூலை மேசையும் இருந்தது. சுவரில் கடிகாரம் பத்துக்குப் பத்து.

"அது குங்குமம்," என்றேன். "வெள்ளிக்கிழமை நான் வெச்ச பொட்டு. அதனாலதான் நிக்கல." அப்புறம் வாசல் பக்கம் திரும்பி, "நீ தொடல. நான்தான்," என்றேன். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. எனக்கு அது சுலபமாக வராது.

மூலை மேசைக்காரர் சிரிக்கத் தொடங்கினார். வாசலில் நின்றவனோ சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தான். லோரி ஆட்களைப் பார்த்தான்.

"பத்து மணிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கு, ஆன்ட்டி," என்றான். டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்து என் தோளுக்கு மேலே பிடித்தான்.

ஸ்பிரிட்டில் துணியை நனைத்தேன். அந்தப் பித்தளை விரல் வாழை நாரைவிடக் கொஞ்சம்தான் தடிப்பு. வளைந்தால் முடிந்தது. முழங்கையைப் பெட்டியின் ஓரத்தில் அழுத்தி ஊன்றி, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். துணியை விரல் நுனிக்குக் கொண்டுபோனேன், தேய்க்கவில்லை, ஒற்றி எடுத்தேன். சிவப்பாக வந்தது. திரும்ப ஒற்றினேன். அப்புறம் குமிழ்கள். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு போனேன். முப்பதுக்கு மேல் எண்ணிக்கை தவறியது. பின்னாலிருந்து அவன் சத்தமில்லாமல், "முப்பத்தி நாலு," என்றான்.

சிங்கப்பூர்க்காரர் கையுறையைக் கழற்றிவிட்டு, தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடித்தபோது பெரிய முள் பன்னிரண்டை ஒட்டியிருந்தது. பிளக்கைப் போட்டேன். தவுக்கே கல்லாவிலிருந்து எழுந்து வந்து ஒரு பித்தானை அழுத்தினாள். எதை என்று பார்க்கக்கூட இல்லை. சக்கரம் ஒரு சுற்று போனது. நிற்கவில்லை. யாரோ பெருமூச்சு விட்டார்கள். இரண்டாவது சுற்றில் பாதி தூரம் போய், டக்.

நின்றது.

கை தட்டை எடுத்தது, சாய்த்தது, வைத்தது. பாடியது ஒரு சீனப் பாட்டு. பித்தானுக்குப் பக்கத்துச் சீட்டில் வேறு பாட்டின் பேர் எழுதியிருந்தது போலிருக்கிறது, தவுக்கே சிரித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மகன் முகத்தைப் பார்க்கணும் என்றவள் அவன் முகத்தைப் பார்த்தாள். என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை. நான் பக்கத்தில் இருந்த முட்டைத் தட்டு மேலேயே உட்காரப் பார்த்தேன். மூலை மேசைக்காரர் ஓடி வந்து நாற்காலி போட்டார்.

சிங்கப்பூர்க்காரர் ஒரு காப்பி சொன்னார். லோரி வெறுமனே போகவில்லை. வெள்ளத்திலிருந்து ஓடாமல் நின்ற பழைய ஐஸ் பெட்டியை மகன் அதில் ஏற்றிவிட்டான். செத்த சாமான் கடைக்குள் இருக்கக்கூடாது என்று சொன்னவன் ஆயிற்றே.

இரண்டு வாரம் அவன் என்னிடம், "காப்பியா, தேத்தண்ணியா?" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. நியாயம்தான். மூன்றாவது வெள்ளிக்கிழமை நான் டப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டிக்கு முன்னால் யோசித்துக்கொண்டு நின்றேன். அவன் வந்து, ஈரத்துணியால் பெட்டியின் பக்கவாட்டு மரத்தைத் துடைத்தான். மூடியிலிருந்தும் வயரிலிருந்தும் ஒரு முழம் தள்ளி, கீழே.

"இங்க வைங்க, ஆன்ட்டி. சின்னதா லா."

சின்னதாகத்தான் வைத்தேன்.