ஹப்சிகுடா நிறுத்தத்தில் விட்டுப்போன பெயர்

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. ஹைதராபாத் மாதாப்பூரில் ஒரு பெரிய கட்டடத்தின் நான்காவது மாடியில் பாதியை வாடகைக்கு எடுத்திருந்த சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. மொத்தம் நாற்பது பேர்கூட இருக்கமாட்டோம். வாடிக்கையாளர்கள் ஆஸ்திரேலியாவில் இருந்ததால் எங்கள் ஷிஃப்ட் காலை ஆறரைக்கே தொடங்கிவிடும். அதற்காகக் கம்பெனி கேப் வைத்திருந்தது. குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியிலிருந்து என்னை ஏற்றிக்கொள்ளும் வண்டி ஐந்தரைக்கு வரும். அம்மா டிபன் டப்பாவைக் கையில் திணிக்கும்போது தெருவில் இட்லி வண்டிக்காரர் மட்டும் விழித்திருப்பார். ஊரே தூங்கும்போது நாம் மட்டும் வேலைக்குப் போகிறோம் என்பதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்தக் கர்வம் திரும்பக் கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.

கேப் டிரைவர்களுக்குக் கொடுக்கும் சீட்டைத் தயாரிக்கக் கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் எழுதச் சொன்னார் மேனேஜர். யார் துணையும் இல்லாமல் நான் செய்த முதல் வேலை அதுதான். புரோகிராம் எழுத நாங்கள் பயன்படுத்திய ஃபிரேம்வொர்க்கை அப்போதுதான் மூன்று மாதமாகப் படித்துக்கொண்டிருந்தேன். டேட்டாபேஸில் கேட்டால் அது ஆளுக்கு ஒரு வரி தரும்: பெயர், ஏறும் நிறுத்தம், எந்த வண்டி. அந்த வரிகளை ஃபிரேம்வொர்க் டப்பாவுக்குள் டப்பாவாக வைத்து என்னிடம் நீட்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க, எல்லாவற்றையும் அப்படியே திரையில் கொட்டச் சொல்வேன். வெள்ளைப் பக்கத்தில் அம்புக்குறிகளும் அடைப்புக்குறிகளும் கீழே கீழே ஓடும். மற்றவர்களுக்கு அது குப்பை. எனக்கோ அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும்.

டிரைவருக்கு வேண்டியது வேறு வடிவம். மேலே வண்டி எண், அதன் கீழ் நிறுத்தங்கள் வரிசையாக, ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் நேராக ஏறுகிறவர் பெயர். ஒவ்வொரு வரியாக எடுத்து அதற்குரிய வண்டியிலும் நிறுத்தத்திலும் கொண்டுபோய் வைக்கும்படி எட்டு வரி எழுதினேன். ஓடவிட்டதும் கலைந்து கிடந்ததெல்லாம் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. அன்று முழுக்க அந்தப் பக்கத்தை எத்தனை தடவை திறந்து பார்த்தேனோ தெரியாது. நான்கு மாதம் ஒரு குறையும் இல்லாமல் அது ஓடியது.

எங்கள் டெஸ்டிங் பிரிவில் ஓர் அக்கா இருந்தார். செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பம். கல்யாணமாகி ஹப்சிகுடாவுக்குப் போயிருந்தார். ஆபீஸில் என்னிடம் தமிழ் பேசிய ஒரே ஆள் அவர்தான். அந்தத் தமிழில் பாதி உருது, பாதி ஆங்கிலம். என் புரோகிராமில் ஏதாவது தப்பு கண்டுபிடித்துவிட்டால், "இது நக்கோடீ, வேண்டாம், மறுபடி பண்ணு" என்று நாற்காலியைத் திருப்பாமலே சொல்வார். அப்போது அவருக்கு ஏழாவது மாதம்.

ஜூலையில் மழை பிடித்துக்கொண்டது. அந்த வாரம் விசாகப்பட்டினத்திலிருந்து புதிதாக ஒருவர் வேலைக்குச் சேர்ந்தார். அவர் அறை எடுத்ததும் ஹப்சிகுடாவில்தான்.

திங்கட்கிழமை அக்கா வழக்கமான நேரத்துக்கு நிறுத்தத்துக்கு வந்திருக்கிறார். கேப் இல்லை. டிரான்ஸ்போர்ட் டெஸ்குக்கு போன் செய்தால், "உங்க பேரு ஸ்கிரீன்ல இருக்கு மேடம், வண்டி வரும்" என்றார்களாம். வரவில்லை. ஆட்டோ பிடித்து வந்தார். செவ்வாயன்றும் அதே கதை, கூடவே மழை. முக்கால் மணி நேரம் குடையோடு நின்று, கண் இருட்டி, அங்கிருந்த பால் பூத்தின் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பூத்காரர்தான் சூடாகப் பால் கொடுத்து, அவர் கணவருக்கு போன் செய்திருக்கிறார்.

டிரைவரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் பாய் அவர். இரண்டு வருஷமாக அந்த ரூட்டில் ஓட்டுகிறவர். "சீட்டில் மேடம் பெயர் இல்லை" என்று சொன்னார். சீட்டைக் காட்டச் சொன்னார்கள். அதைத் தினமும் ஆபீஸ் கேட்டில் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிடுவது வழக்கம், அவர்கள் அன்றே கிழித்துப் போட்டுவிடுவார்கள். டெஸ்கின் திரையிலோ அக்காவின் பெயர் பளிச்சென்று இருந்தது.

மேனேஜர் என் இடத்துக்கே வந்து தெலுங்கில் சொன்னார்: "அந்த ஆள் வாய் கூசாமல் பொய் சொல்கிறான். ரெண்டு நாள் சீட்டையும் பிரிண்ட் எடுத்துக் குடும்மா. கேப் கான்ட்ராக்டருக்கு அனுப்பணும்."

பிரிண்ட் எடுக்கப் பக்கத்தைத் திறந்தேன். ஹப்சிகுடாவுக்கு நேராக விசாகப்பட்டினத்துக்காரர் பெயர் மட்டும் இருந்தது. டெஸ்கின் பட்டியலையும் பக்கத்தில் திறந்து வைத்தேன். டெஸ்க் பார்ப்பது ஆளுக்கு ஒரு வரியாக வரும் பட்டியல்; அதில் இரண்டு பெயரும் இருந்தன. டிரைவருக்குப் போவது நான் வடிவம் மாற்றிய பட்டியல், அதில் ஒன்றுதான். ஒரு நிறுத்தத்துக்கு ஒரு பெயர் என்று நான் எழுதிவைத்திருந்தேன். இரண்டாவது பெயர் வந்ததும் முதல் பெயரைத் தள்ளிவிட்டு அது உட்கார்ந்துகொண்டது. 'இருப்பதோடு இதையும் சேர்' என்று சொல்ல அந்த மொழியில் வெறும் சதுர அடைப்புக்குறி ஒரு ஜோடி போட்டால் போதும். அதை நான் போடவில்லை. எங்கள் கம்பெனியில் அதுவரை ஒரே நிறுத்தத்தில் இரண்டு பேர் ஏறியதே இல்லை. அதனால் தெரியவும் இல்லை.

விரல் தானாகவே போய் அந்த இரண்டு குறிகளைத் தட்டியது. பக்கத்தைப் புதுப்பித்தேன். இரண்டு பெயர்களும் வந்தன. அதன் பிறகு நான் செய்ததை இன்றைக்கும் என்னால் சரியாக விளக்க முடியவில்லை. திருத்திய பக்கத்தையே பிரிண்ட் எடுத்து மேனேஜரிடம் கொடுத்தேன். இரண்டு நாள் சீட்டிலும் அக்காவின் பெயர் தெளிவாக இருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு, "பாத்தியா?" என்றார். நான் தலையாட்டினேன்.

அன்று மாலையே பாயை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். புதன்கிழமை வேறு டிரைவர் வந்தார். சீட்டும் சரியாக இருந்தது, அக்காவும் கேபில் வந்தார். எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

வீட்டில் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு பிசைந்த சோற்றையே மறுபடி மறுபடி பிசைந்திருக்கிறேன் போல. எத்தனை வருஷம் ஹைதராபாத்தில் இருந்தாலும் அம்மாவின் பேச்சிலிருந்து திருநெல்வேலி போகாது. "ஏட்டி, என்ன யோசன? சோறு எறங்கலையா?" என்றாள். வழக்கம்போலத் தெலுங்கில், "ஏமி லேது", ஒன்றுமில்லை, என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவினேன்.

வெள்ளிக்கிழமை மதியம் கேன்டீனில் அக்காவிடம் சொல்லிவிட்டேன். அடைப்புக்குறி, தள்ளிவிடப்பட்ட பெயர், திருத்திய பிறகு எடுத்த பிரிண்ட், எல்லாவற்றையும். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்த பாய் எனக்குன்னு வண்டி சீட்ல ஒரு சின்ன தலகாணி வெச்சிருந்தாரு, தெரியுமா?" என்றார். "அஞ்சாவது மாசத்துலருந்து. ஸ்பீட் பிரேக்கர் வந்தா மெதுவா எறக்குவாரு. அவரப் போயி நானும் நம்பல. ரெண்டாவது நாள் டெஸ்குக்கு போன் பண்ணி கத்துனேன், பொய் சொல்றாருன்னு."

"நான்தான்க்கா சொல்லியிருக்கணும்."

"ஹவ், ஆமா, சொல்லியிருக்கணும். இப்ப எங்கிட்ட சொல்லி என்ன? எழுந்திரு."

மேனேஜர் அறைக்குள் நான் பேசி முடிக்கும்வரை அக்கா கதவருகிலேயே நின்றார். மேனேஜர் கெட்டவர் இல்லை. கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "இப்ப சரி பண்ணிட்டேல்ல? அப்புறம் என்ன? கேப் டிரைவர்கள் மாறிக்கிட்டேதான் இருப்பாங்க. நான் ஒரு மெயில் போட்டுட்டு, மறுபடி இல்லைன்னு இன்னொரு மெயில் போட்டா கம்பெனி மானம் என்ன ஆகிறது?"

"நாங்க நேர்ல போய்ச் சொன்னா உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே சார்?" என்று அக்கா கேட்டார்.

மேனேஜர் அக்காவின் வயிற்றையும் என் முகத்தையும் பார்த்துவிட்டு, கான்ட்ராக்டரின் விலாசத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்.

சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் இருவரும் லோக்கல் டிரெயினில் செகந்திராபாத் போனோம். பையில் இரண்டு சீட்டுகள் வைத்திருந்தேன். ஒன்று சரியானது. இன்னொன்று, அந்த ஜோடி அடைப்புக்குறியை வேண்டுமென்றே எடுத்துவிட்டு, தப்பை மறுபடி நடக்கவிட்டு எடுத்த பிரிண்ட். வழியெல்லாம் அக்கா தன் பள்ளிக்கூடம் இருந்த தெரு, கல்யாணப் புடவை எடுத்த கடை என்று ஜன்னலுக்கு வெளியே திசை காட்டிக்கொண்டு வந்தார். என் பயம் தெரிந்துதான் அப்படிப் பேசினார் என்று பிற்பாடு தோன்றியது.

கான்ட்ராக்டரின் ஆபீஸ் மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் ஒரு ஷெட். வெளியே ஏழெட்டு டிரைவர்கள் பேப்பர் படித்துக்கொண்டும் வண்டி கழுவிக்கொண்டும் இருந்தார்கள். அக்காவைப் பார்த்ததும் ஒருவர் எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டார். பாயும் அங்கேதான் இருந்தார். நான்கு நாளாக அவருக்கு வண்டி கொடுக்கவில்லை. வேறு யாருடைய வண்டியையோ துடைத்துக்கொண்டிருந்தார்.

எங்களைப் பார்த்ததும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். என்னை அவருக்குத் தெரியாது. அக்காவிடம்தான் பேசினார். "மேடம், நீங்க லீவுல போயிட்டீங்கன்னு நெனச்சேன். மாசம் ஆயிடுச்சில்ல? சீட்டுல பேரு இல்லன்னதும் அதான்னு நெனச்சேன். ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டாங்களேன்னு இருந்துச்சு" என்றார். ஹைதராபாத் உருதுவில் அவர் அதைச் சொன்ன விதத்தைத் தமிழில் கொண்டுவர என்னால் முடியவில்லை. குற்றம் சாட்டும் குரல் இல்லை அது. அக்காவின் கண் கலங்கிவிட்டது.

கான்ட்ராக்டர் வெளியே வந்தார். டிரைவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும் என்று டிரெயினிலேயே முடிவு செய்திருந்தேன். சீட்டில் பெயர் இல்லாதது உண்மை, பாய் சொன்னது உண்மை, ஆபீஸிலிருந்து வந்த பிரிண்ட்தான் தப்பானது என்றேன்.

"ஓ, கம்ப்யூட்டர் தப்பா?" என்றார் கான்ட்ராக்டர்.

"இல்லீங்க. கம்ப்யூட்டர் நான் சொன்னதத்தான் செஞ்சுது. தப்பு என்னோடது. தெரிஞ்ச பிறகும் நான் சொல்லல."

இரண்டு சீட்டையும் எடுத்து நீட்டினேன். பாய் இரண்டையும் வாங்கி, ஒரே பெயர் இருந்த சீட்டின்மேல் விரலை வைத்தார். "ஹவ்! இதுதான். இதேதான் எங்கிட்ட வந்துச்சு." அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது. நிறுத்தங்களின் பெயரை எழுத்தின் தோற்றத்தை வைத்து அடையாளம் தெரியும். மற்றபடி எத்தனை வரியோ அத்தனை ஆள் என்று எண்ணிக்கொள்வார். ஹப்சிகுடாவில் ஒரு வரி, ஒரு ஆள் ஏறினார், அக்கா வருவதற்குமுன் வண்டியை எடுத்துவிட்டார். அவ்வளவுதான். அந்தச் சீட்டை ஒவ்வொரு டிரைவரிடமும் கொண்டுபோய்க் காட்டிவிட்டுக் கடைசியாகத்தான் கான்ட்ராக்டரிடம் நீட்டினார்.

"மாஃப் பண்ணுங்க பாய், மன்னிச்சிடுங்க" என்றேன்.

பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. "ரெண்டு வருஷத்துல ஒரு நாள் லேட் இல்ல நான்" என்றார். "வீட்ல என் பொண்ணு கேட்டா, நெஜமாவே நீங்கதான் மேடத்த வுட்டுட்டு வந்துட்டீங்களா அப்பான்னு. அதான் கஷ்டமா இருந்துச்சு." பிறகு சீட்டைத் திரும்ப வாங்கி நான்காக மடித்து, "இது நான் வெச்சுக்கலாமா?" என்று கேட்டார். வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

திங்கட்கிழமை அவரே வண்டியைக் கொண்டுவந்தார். மேனேஜரும் கடைசியில் கான்ட்ராக்டருக்கு இரண்டு வரி மெயில் அனுப்பியிருந்தார், யாருக்கும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆபீஸின் உள்வேலைக்கு எழுதும் பக்கங்களையும் இனி டெஸ்டிங் பிரிவு பார்த்துத்தான் அனுப்ப வேண்டும் என்று ஒரு புது விதி வந்தது. என் கேப் பக்கத்துக்கு அக்கா அரை நாள் உட்கார்ந்து சோதனைப் பட்டியல் எழுதினார்: ஒரே நிறுத்தத்தில் மூன்று பேர், ஒருவருமே இல்லாத நிறுத்தம், ஒரே பெயரில் இரண்டு பேர். அந்த மூன்றாவதில் மறுபடி மாட்டிக்கொண்டேன். "நக்கோடீ" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டு அவ்வளவு நிம்மதி அதற்கு முன் வந்ததில்லை.

ஐந்து வாரம் கழித்து அவர் லீவில் போனார். இந்தத் தடவை பாயிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். பெண் குழந்தை. செகந்திராபாத் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அக்கா மெல்லிய குரலில் ஆபீஸ் கதையெல்லாம் ஒன்று விடாமல் கேட்டார். ஆனால் அவர் திரும்ப வேலைக்கு வரவில்லை. கணவருக்கு நாக்பூருக்கு மாற்றல் வந்தது. சில வருஷம் கிறிஸ்துமஸுக்கும் தீபாவளிக்கும் போனில் பேசினோம். பிறகு நம்பர்கள் மாறிப்போயின.

அந்த ஃபிரேம்வொர்க்கை இப்போது யாரும் தொடுவதில்லை. நான் அன்று எட்டு வரியில் செய்ததற்கு இன்று ஆயத்தமாக ஒரு சொல் இருக்கிறது. அழைத்தால் போதும், ஒரே நிறுத்தத்தில் எத்தனை பேர் இருந்தாலும் ஒருவரையும் தள்ளிவிடாமல் சேர்த்துத் தரும். என்னோடு வேலை செய்கிறவர்கள் உள்ளே எட்டிப் பார்க்காமலே அதைப் பயன்படுத்துகிறார்கள். நானும் பயன்படுத்துகிறேன். இருந்தாலும், ஒருவரும் பக்கத்தில் இல்லாதபோது, வந்ததையெல்லாம் வெள்ளைப் பக்கத்தில் ஒரு தடவை கொட்டச் சொல்லி, மேலிருந்து கீழ்வரை பெயர் பெயராகப் படித்துப் பார்க்கிறேன்.