சாரல் நிற்கும் வரை படித்தேன்

நேற்று தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற எங்கள் பஸ்ஸில் ஒரு பெரிய மனுஷர் ஏறினார். சீசனுக்கு வந்தவர். பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த கோட்டு, பஸ் முழுக்க அந்துருண்டை வாசனை. டிக்கெட் கொடுக்கப் போன எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் மூஞ்சியைப் பார்த்துத்தான் கண்டக்டர் சிரிக்கிறான் என்று முறைத்தார். நான் பள்ளிக்கூடம் போன வாசனை அது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

நான் பள்ளிக்கூடம் போனது வருஷத்துக்கு ஒரு நாள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் பண்ணையாருடையது. பிள்ளைகள் நிறைய இருந்தால்தான் சர்க்கார் கிராண்டு கொடுக்கும். இன்ஸ்பெக்டர் வருகிற அன்று பார்த்தால் தலை குறையும். உடனே பண்ணையில் மாடு மேய்க்கிற எங்களைப் பத்திக்கொண்டு வந்து, பெட்டியில் அந்துருண்டை போட்டு வைத்திருந்த பண்ணையார் மகனின் பழைய சட்டைகளை மாட்டிவிட்டு, பின்னால் தரையில் உட்கார வைப்பார்கள். பெஞ்சு, சட்டைக்குச் சொந்தக்காரருக்கு.

இன்ஸ்பெக்டரும் லேசுப்பட்டவர் இல்லை. சாரல் விழுகிற மாதத்தில்தான் எங்கள் படிப்பைப் பற்றிய கவலை அவருக்கு வரும். காலையில் அருவி, மத்தியானம் பள்ளிக்கூடம்.

முதல் வருஷம், அவர் வருவதற்குள் வாத்தியார் சார்வாள் எங்களுக்கு 'அ' சொல்லிக்கொடுத்தார். பிறகு சுவரில் தாடியோடு இருந்த சீமை ராஜாவைக் காட்டி, பேரையும் உருப்போட வைத்தார்.

"இவரு ராஜ்ஜியத்துல சூரியனே அடையாது, தெரிஞ்சுக்கிடுங்கலே."

என்கூட மாடு மேய்க்கிற சுடலை விடவில்லை. "அப்பம் மாட்ட எப்பம் சார்வாள் வீட்டுக்குப் பத்துவாவ?"

நறுக்கென்று ஒரு குட்டு விழுந்தது அவனுக்கு.

எனக்கு அதற்குள் 'ஆ' மேல் ஆசை வந்துவிட்டது. கேட்டேன். "அது நாளைக்கு வாரவனுக்குலே" என்றார் சார்வாள். எனக்கு ஏது நாளைக்கு? தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு மாட்டுக்குப் பின்னால் போனேன், வருஷம் பூரா 'அ'வோடு.

மறு வருஷம் இன்ஸ்பெக்டர் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். எங்களைச் சட்டைக்குள் திணிக்கத்தான் நேரமிருந்தது. நேரே பின்வரிசைக்கு வந்து என்னை எழுப்பினார்.

"நம்ம ராஜா யாரு தம்பி?"

படத்தைப் பார்த்தேன். தாடி இல்லை. இன்ஸ்பெக்டர் வருகிறாரென்று அவரும் சவரம் பண்ணிக்கொண்டாராக்கும் என்று நினைத்து, பழைய பேரையே கணீரென்று சொன்னேன். பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. சார்வாளுக்கு வேர்த்தது.

"அவர் செத்துப் போயாச்சே, தெரியாதா?"

"எனக்கு யாரும் துட்டி சொல்லலியே அய்யா. போன வருசம் நீங்க வந்தப்பம் நல்லாத்தான இருந்தாரு."

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அப்புறம் என் கைக்குக் கீழே தொங்கிய சட்டைக் கையைப் பார்த்தார். இரவல் சட்டை என்று அவருக்கு விளங்கிவிட்டது.

பண்ணையாரிடம் மெதுவாகச் சொன்னார்: "சீசன் முடியுற வரைக்கும் குற்றாலத்துலதான் இருக்கேன். எப்ப வேணும்னாலும் வருவேன். பின்வரிசைதான் பார்ப்பேன்."

சாயங்காலம் பண்ணையார் எங்கள் அப்பாவைக் கூப்பிட்டார். "ஒம்மவன நாளையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புலே."

"மாட்ட யாரு மொதலாளி பாத்துக்கிடுவா?"

"அதையும் வேணும்னா அனுப்பு. அதுக்காவது வாய் கிடையாது."

அந்தச் சாரல் முழுக்கப் படித்தோம். முதல் நாளே 'ஆ' வந்தது. அதன் பின்னால் மந்தை மந்தையாக எழுத்துகள். காலையில் எழுந்ததும் மலையைப் பார்ப்பேன். மேகம் இறங்கியிருந்தால் அருவியில் தண்ணீர் உண்டு. தண்ணீர் இருந்தால் இன்ஸ்பெக்டர் இருப்பார். அவர் இருந்தால் நான் மாணவன். மனுஷர் திரும்ப ஒரு நாள்கூட வரவில்லை, அது வேறு விஷயம். வருவார் என்கிற பயத்திலேயே நான் எழுத்துக்கூட்டி வாசிக்கிறவரைக்கும் வந்துவிட்டேன். பிறகு வெயில் அடித்தது. சட்டையைத் திருப்பிக் கொடுத்தோம்.

இப்போது ராஜா படம் போய் வேறு படங்கள் வந்துவிட்டன. பள்ளிக்கூடத்தில் ராஜாவுக்குப் பாடின பாட்டும் மாறிவிட்டது. இன்ஸ்பெக்டர்கள் காலையில் வந்து மத்தியானமே திரும்பிவிடுகிறார்கள். தலை வேண்டாமாம், ரிஜிஸ்தரில் பேர் இருந்தால் போதுமாம். மாடு மேய்க்கிற பிள்ளைகளை யாரும் பத்திக்கொண்டு வருவதில்லை. வருஷத்துக்கு ஒரு 'அ' கிடைத்துக்கொண்டிருந்தது, அதுவும் போச்சு.